‘பணம், பேர், புகழ்... அவருக்கு என்ன குறை?’: மனநலம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 14 நெருங்கும்போது மனநலம் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. 2020-இல் அந்த நாளில்தான் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மும்பை பாந்த்ராவில் தன் வீட்டில் இறந்துகிடந்தார். வயது 34. கிரிக்கெட் வீரர் தோனியாக அவர் நடித்த படத்தைத் தமிழில் பார்த்துவிட்டு அவரை வீட்டுப் பிள்ளை போல எண்ணியவர்கள் இங்கும் நிறையப் பேர். அவரைப் பற்றித் தொடங்கும் கடிதங்கள் இரண்டாம் பத்தியிலேயே தம்பி, மகள், கணவர் என்று திரும்பிவிடுகின்றன. எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

சினிமாவில் ஜெயித்துக் காட்டியவருக்கு என்ன குறை இருந்திருக்க முடியும்? அது கொலைதான் என்று என் நண்பர்கள் இன்றுவரை அடித்துச் சொல்கிறார்கள்.
– வாசகர், சேலம்

கொலைக்கான அடையாளம் இல்லை என்று எய்ம்ஸ் தடயவியல் மருத்துவக் குழு 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் சிபிஐயும் வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை தாக்கல் செய்தது. இதற்குப் பிறகும் உங்கள் நண்பர்கள் விடாமல் பேசுவதற்குக் காரணம், மனநோய் ஒருவரைச் சாவு வரை கொண்டுபோகும் என்பதை அவர்கள் மனம் ஏற்க மறுப்பதுதான். கடன், காதல் தோல்வி, பரீட்சை என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் வேண்டும். அது கிடைக்கவில்லையென்றால் ஒரு வில்லன் வேண்டும்.

மனச்சோர்வு வருவதற்குக் குறை என்று ஒன்று இருந்தே ஆகவேண்டியதில்லை. பரம்பரை, சிறு வயதில் பெற்றோரை இழப்பது, நாள்பட்ட தூக்கக் கேடு, குடி, தனிமை என்று பலவும் சேர்ந்து நோயாகின்றன. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். இறந்த நடிகருக்கு இன்ன நோய்தான் என்று தூரத்தில் இருந்தபடி நாமும் சொல்லப்போவதில்லை.

அவர் இறந்த ஆண்டில் நடந்த இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய சிகிச்சை விவரங்கள் தொலைக்காட்சி விவாதத்துக்குத் தீனியாயின. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் ஊடகம் அவற்றை வெளியிடக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. தற்கொலைச் செய்திகளில் பத்திரிகை கவுன்சிலின் வழிகாட்டுதலைத் தொலைக்காட்சிகளும் பின்பற்ற வேண்டும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது இந்த விவகாரத்தில்தான். ‘மனநலம் பற்றிப் பேசுவோம்’ என்று ஒரு பக்கம் பதிவு போட்டுவிட்டு, மறுபக்கம் ஒருவரின் மருந்துச் சீட்டைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால், மாத்திரை சாப்பிடுகிறவர் இன்னும் ஆழமாகத்தான் ஒளிந்துகொள்வார்.

ஊரையே சிரிக்க வைத்த ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸும் இப்படித்தானே போனார்? சிரிப்பு என்பது முகமூடியா?
– கல்லூரி மாணவர், மதுரை

‘சிரிக்கிறவன் உள்ளுக்குள் அழுகிறான்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். அவர் விஷயத்தில் அது பாதிகூட உண்மையில்லை. 2014 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கலிபோர்னியாவில் 63 வயதில் அவர் இறந்தார். சில மாதங்களுக்கு முன்புதான் பார்க்கின்சன் நோய் என்று சொல்லியிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது லூயி பாடி நோய். மூளை செல்களுக்குள் ஒருவகைப் புரதம் படிந்து உண்டாவது. பயம், சந்தேகம், தூக்கக் கேடு, மறதி, சோர்வு என்று மாறிமாறி வரும். அவருடைய மனைவி அந்தக் கடைசி மாதங்களை 2016-இல் ஒரு நரம்பியல் ஆய்விதழில் விரிவாக எழுதினார்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வாழ்நாளில் மனநோயே இல்லாத ஒருவருக்கு 60 வயதுக்கு மேல் முதல்முறையாகச் சோர்வும் பயமும் வந்தால், ‘ரிட்டயர் ஆன கவலை’ என்று ஒதுக்காமல் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, தூக்கத்தில் கத்தி உதைப்பது, நடை சுருங்குவது ஆகியவை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். லூயி பாடி நோயாளிக்குப் பிரமையைக் குறைக்க ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாதாரணக் கவலைக்கும் நோய்க்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது? என் கணவர் ‘மனசு சரியில்லை’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. உடம்பு வலி, வாயு, தலை பாரம் என்று ஊரில் உள்ள ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது.
– வாசகி, ஈரோடு

நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது, உடம்பைச் சொல்லிக்கொண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது கால அளவை. மனம் தாழ்ந்திருப்பது, முன்பு பிடித்தவற்றில் ஈடுபாடு போய்விடுவது – இவற்றில் ஒன்றாவது, நாளின் பெரும்பகுதி, தொடர்ந்து 2 வாரம் இருக்கிறதா? கூடவே விடிகாலை 3, 4 மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூங்க முடியாமை, பசியின்மை, அசதி, கவனக் குறைவு, நடமாட்டமே மந்தமாகிப்போவது அல்லது இருப்புக்கொள்ளாமை, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மொத்தம் ஒன்பதில் ஐந்து இருந்து, வேலையும் கெட்டால் அது நோய். ஆண்களிடம் எரிச்சலாகவும் கூடிவரும் குடியாகவும் இது வெளிப்படும்.

பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் இந்த ஒன்பதையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும், சாவைப் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறெது வந்தாலும் அன்றே பேச வேண்டும்.

இன்னொரு ஸ்கேனுக்குச் செலவழிப்பதற்குப் பதில் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சர்க்கரை ஆகிய நான்கு ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரியே இருக்கும். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே மாத்திரைக்கும் காசு இல்லை. மனநல டாக்டர் என்றால் வரமாட்டார் என்றால், ‘தூக்கத்துக்கும் வலிக்கும் பார்க்கலாம், வாங்க’ என்று கூப்பிடுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மகளுக்கு மனச்சோர்வுக்காக எஸ்சிட்டாலோப்ராம் 10 மில்லிகிராமும் இரவுக்கு இன்னொரு மாத்திரையும் எழுதினார்கள். ஐந்து நாளில் குமட்டலும் படபடப்பும்தான் மிச்சம். ‘அதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விடாது’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இரண்டையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
– வாசகி, திண்டுக்கல்

சரியில்லை அம்மா. ஆனால் பழியை உங்கள் மேல் மட்டும் போட முடியாது. முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினால் யாருமே பயப்படத்தான் செய்வார்கள்.

எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகளில் தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல், தலைவலி, வயிற்றுப் போக்கு, படபடப்பு எல்லாம் முதல் வாரத்தில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குள் அடங்கும். பலன் 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும். முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். முதலில் திரும்புவது தூக்கமும் பசியும்; மனம் லேசாவது கடைசியில். அதனால்தான் ஐந்தாம் நாள் நிறுத்தியவர் ‘அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தொந்தரவைக் குறைக்க வழி உண்டு: 5 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து 10 ஆக்கலாம், வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், தூக்கம் கெட்டால் காலையில், தூக்கம் வந்தால் இரவில் என்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மருத்துவரிடமே இதைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை, தவறான மாத்திரையின் மேல் ஏறியிருக்கிறது. இரவு மாத்திரை குளோனாசிபாம், அல்பிரசோலாம் போன்றதாக இருந்தால் அது பழகும். அதனால்தான் அதை 2 முதல் 4 வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். எஸ்சிட்டாலோப்ராம் மேலும் மேலும் கேட்கும் போதைப் பொருள் அல்ல; ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் தலை சுற்றும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போல இருக்கும், எரிச்சல் வரும். வீடுகளில் நடக்கும் விபரீதம் என்னவென்றால், நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘நல்லாத் தூக்கம் வருதே’ என்று பழகக்கூடிய மாத்திரையைத் தொடர்வதுதான். இன்றே இரண்டு அட்டைகளின் மேலும் பேனாவால் எழுதி வையுங்கள்: எது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று.

நலமான பிறகும் 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும். நோய் இரண்டாம் முறை வந்தது என்றால் 2 ஆண்டு வரை சொல்வார்கள். ‘நல்லாயிட்டேன்’ என்று மூன்றாம் மாதம் நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். மகளைத் தனியே விடாதீர்கள், வாரம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், வாய் ஓயாமல் பேசி, காசை வாரி இறைத்தால் அது குணமல்ல; மனம் ஒருகாலம் அளவு மீறிப் பொங்கி, ஒருகாலம் சோர்ந்துபோகும் இருதுருவ நோய் (பைபோலார்) வெளிவருகிறது என்று பொருள், அன்றே மருத்துவரை அழையுங்கள். வலிக்கு டிராமடால், டைக்ளோஃபினாக் எழுதும் எந்த மருத்துவரிடமும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். முதலாவது இதோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம், இரண்டாவது வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

தம்பி யாருடனும் பேசுவதில்லை. ‘நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்றான். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை நாமே தூண்டிவிட்டது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் பலருக்கு வருகிறது. தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். பைக்கில் போகும்போதோ சாப்பாட்டுத் தட்டின் முன்போ வேண்டாம். ‘தப்பா ஏதும் யோசிக்கலையே?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ‘இல்ல’ என்ற பதிலைத் தானே கையில் கொடுத்துவிடுகிறது. ‘ரொம்ப நாளா ஒரு மாதிரி இருக்கியேடா. செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்து: ‘எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? இன்னைக்கும் தோணுதா?’ வழியும் நேரமும் மனத்தில் இருந்தால் அது அவசரம். தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

‘அம்மாவை நினைச்சுப் பாத்தியா?’ என்று ஆரம்பிக்கவே கூடாது. ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவனுக்கு அது இன்னொரு பாரம். அறிவுரையும் வேண்டாம். ஐந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்பது கஷ்டம்தான், ஆனால் அதுதான் வேலை.

பிறகு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மாத்திரைகளை மொத்தமாக வாங்கி அலமாரியில் வைக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து மீதியைப் பூட்டி வையுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம். கொந்தளிப்பான எண்ணம் பல நேரங்களில் நிமிடக் கணக்கில்தான் உச்சத்தில் நிற்கும்; அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவினர் காட்டுமன்னார்கோவில் பகுதி கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுப் பெட்டகம் வைத்துப் பார்த்தது இதை நம்பித்தான். இலங்கையில் 1990-களில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியானது. அங்கே யாருடைய கவலையும் பாதியாகிவிடவில்லை.

எண்களைத் தம்பியின் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416: இலவசம், 24 மணி நேரம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு. ஸ்நேகா 044-24640050. கூப்பிட்டால் பேர், ஊர் சொல்லியாக வேண்டுமோ என்ற தயக்கம் வேண்டாம், சொல்லாமலே பேசலாம். தம்பி கூப்பிடமாட்டேன் என்றால் நீங்களே கூப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்கலாம்.

தற்கொலைக்கு முயற்சி செய்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

இந்தப் பயத்தால் வீணாகும் நேரத்திலேயே உயிர்கள் போகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காக முயன்றால் மட்டும் 226-ஆம் பிரிவு பாயும். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும்; அது பதிவுக்கான நடைமுறை, சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது.

எனவே ‘தெரியாமல் குடிச்சிட்டான்’ என்று கதை கட்டாதீர்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளபடி சொல்லி, பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம்; நுரையீரலுக்குள் ஏறிவிடும். இடப்பக்கமாகப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகான முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. உடம்பு தேறிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாமல், ஒரு வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிக்கொண்டே மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள்.

மகளுக்கு இருதுருவ நோய். மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். வரன் வந்திருக்கிறது. சொல்லாமல் முடித்துவிட்டு, கல்யாணம் வரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டுமே வேண்டாம். கல்யாண வீட்டின் தூக்கமின்மையும் பரபரப்பும்தான் இந்த நோயைக் கிளப்பிவிடும். மாத்திரையை நிறுத்த அதைவிட மோசமான மாதம் கிடையாது. மறைத்துச் செய்தால், முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகச் சொல்லித் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடம் உண்டு. வழக்கு வராவிட்டாலும், புது வீட்டில் ஒளிந்து மாத்திரை போடும் பெண் எத்தனை நாள் போடுவாள்? நிச்சயத்துக்கு முன்பே பையனிடம் மகளே பேசட்டும். வேண்டுமானால் மருத்துவரை ஒருமுறை சேர்ந்து பார்க்கட்டும். வரன் தட்டிப்போகலாம்தான்.

கேட்க வேண்டிய வேறொன்றை நீங்கள் கேட்கவில்லை: எந்த மாத்திரை? சோடியம் வால்ப்ரோயேட் என்றால் கர்ப்பத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். விரதமும் வெயிலும் சேர்ந்து உடம்பு வறண்டால், அல்லது இபுப்ரொஃபன் போன்ற வலிமாத்திரை போட்டால், அளவு ஏறி விஷமாகும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள்.

குணசீலம் கோயிலில் 48 நாள் இருந்தால் மனநோய் சரியாகும் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
– வாசகர், பெரம்பலூர்

மாத்திரைப் பையோடு போங்கள். கோயிலின் அமைதியும் ஒழுங்கான நேர முறையும் நல்லதே செய்யும். கட்டிப்போடும் இடம், மாத்திரையைப் பிடுங்கிவைக்கும் இடம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் சங்கிலியில் கிடந்தவர்களால் தீயிலிருந்து ஓட முடியவில்லை. அதே ஏர்வாடியில் பின்னர் தர்காவில் துவா (பிரார்த்தனை), பக்கத்திலேயே மருந்து என்று அரசு ஏற்பாடு செய்தது.

மெடிக்ளெய்மில் மனநோய்க்குப் பணம் கிடைக்குமா?
– வாசகர், கோவை

படுத்துச் சிகிச்சை எடுத்தால் கிடைக்க வேண்டும். மனநலச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரச் சொல்கிறது; 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசிகளிலும் இதைச் சேர்க்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. டாக்டர் ஃபீஸ், மாதாந்தர மாத்திரைச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். பணம் தர மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு காப்பீட்டு குறைதீர்ப்பாளர். அதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு நட்சத்திரம் இப்படி இறந்தால் நாங்கள் ஸ்டேட்டஸில் என்ன போடலாம், என்ன போடக் கூடாது?
– ரசிகர் மன்றத்தைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணம்

எப்படி இறந்தார் என்பதை, இடத்தின் படத்தை, கடைசியாக எழுதியதை, ‘நிம்மதி அடைந்துவிட்டார்’ என்ற வாசகத்தைப் போடாதீர்கள். ராபின் வில்லியம்ஸ் இறந்ததற்கு அடுத்த ஐந்து மாதங்களில் அமெரிக்காவில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடின. 1994-இல் பாடகர் கர்ட் கோபேன் இறந்தபோது சியாட்டிலில் அப்படி ஆகவில்லை. அங்கே உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. செய்தியோடு உதவி எண்ணும் சேர்ந்து போனதும், அந்தச் சாவை யாரும் பெருமைப்படுத்தாததும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

அவர் நடித்ததில் உங்களுக்குப் பிடித்த காட்சியைப் போடுங்கள், கீழே எண்ணைப் போடுங்கள். இலங்கையில் 1926. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘நானும் அண்ணன் பின்னாலேயே போறேன்’ என்று யாராவது எழுதினால் இதய எமோஜி போட்டுக் கடந்துவிடாதீர்கள். குழுவிலேயே பதில் எழுதிக்கொண்டிராமல் தனியாக அவரை போனில் அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பினர் யாரென்று பார்த்து உடனே அனுப்புங்கள்.